அலசினேனா

இது எனக்கு நடந்தது இல்லை. எமில்டா சொன்னது. அவளும் ஒருநாளும் முழுதாக உட்கார்ந்து சொன்னதில்லை. நான் கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்த வருடம் அங்கே மூஞ்சிக்கல் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். துணி காயப்போடும்போது கொஞ்சம், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது கொஞ்சம் என்று சொன்னாள். அவள் சொல்லாத இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டை ஏமாற்றிவிடுவோமோ என்கிற அந்தப் பயம் எப்படி நகரும், எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தவறாகவும் இருக்கலாம். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டியபோது, "நான் இவ்வளவெல்லாம் யோசிக்கலடி" என்றாள். கொஞ்சம் கழித்து, "யோசிச்சேன்தான்" என்றாள்.

பேக்கரியில் எமில்டா ஓவன் கதவைச் சாத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. பீச் பை, பழத்தை மாவுக்குள் வைத்து மூடிச் சுடுகிற பண்டம், நடுத்தட்டில் உட்கார்ந்திருந்தது, மேல்மாவில் அவள் கத்தியால் கீறிய கோடுகளோடு, இன்னும் வெளுப்பாக, குளிருக்குப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி. இனி அவளுக்கு வேலை இல்லை. கை கழுவ வேண்டும், அதுதான் வேலை. நகத்துக்குள் மாவு இருக்கக்கூடாது. கணக்கு எழுதுகிறவளின் நகத்துக்குள் மாவு எதற்கு வரும்? பேனா மை இருக்கலாம். கொஞ்சம் மை தடவிக்கொள்ளலாமா என்று தோன்றி, சிரிப்பு வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே மூட்டம் இறங்கியிருந்தது. மே மாதத்தில் மத்தியானத்துக்குமேல் இப்படித்தான், யாரோ ஈரத்துணியால் ஜன்னலைத் துடைத்துவிட்டுத் துணியை அங்கேயே விட்டுப்போன மாதிரி. எதிர்க்கடைப் பலகையில் எழுத்து இல்லை, பலகையும் இல்லை, கடை இருக்கிறதா என்பதே நம்பிக்கைதான். கடைக்குள் பழத்தின் வாசனை. காலையில் வில்பட்டித் தோட்டத்துச் சேவுகன் கூடையை இறக்கிவைத்ததிலிருந்து அந்த வாசனை சுவரில் ஏறிவிட்டது. "மந்தி தின்னதுபோக மிச்சம் இதுதாம்மா. நல்ல பழமா பாத்துத் தின்னுருது, படிச்ச குரங்கு" என்றான். மலைப் பழம் சின்னது, கெட்டி, ஒரு கன்னம் மட்டும் சிவந்தது. கொதிதண்ணீரில் போட்டு எடுத்தால் பழுத்தது மட்டும் தோலைக் கழற்றிக்கொடுக்கும். மற்றதைக் கத்தியால்தான் சீவவேண்டும். தோலின் மேல் பூனைமயிர், பிறந்த குழந்தையின் காதோரம் இருக்குமே, அந்த மாதிரி. அதைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றிருந்தது ஞாபகம் வந்தது. அப்போது பயம் இல்லை. காலையில் பயம் இல்லவே இல்லை. போன் அடித்தது.

"எமிலு, பஸ்ஸு காட்ரோடு தாண்டிருச்சு. மலை ஏறப்போவுதாம்."

"ஜன்னல் பக்கமா உக்காந்திருக்கம்மா?"

"ஜன்னல்ல ஒருத்தி உக்காந்துக்கிட்டு எந்திரிக்கமாட்டேங்குறா. வாந்தி வந்தா ஒன் மடியிலதான் எடுப்பேன்னு சொல்லிட்டேன். இப்ப யோசிச்சிக்கிட்டிருக்கா. எலுமிச்சம்பழம் கையில வச்சிருக்கேன். வந்ததும் நேரா ஒன் ஆபீசுக்குத்தான். நீ உக்கார்ற சேரப் பாக்கணும்."

"ஆபீசுன்னா, சின்னதும்மா. பேக்கரிதானே."

"பேக்கரின்னாலும் கணக்கு கணக்குதான. சரி, வளைவு வருது, வைக்கிறேன். கை பத்திரம்."

கை பத்திரம். ஈஸ்டருக்குப் பிறகு அம்மா போனை வைக்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறாள். மலைக் குளிரில் கை வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கை. எமில்டா கையைப் பார்த்தாள், பிறகு கை கழுவும் தொட்டியைப் பார்த்தாள், தொட்டிக்குள் அலுமினியப் பேசின் இருந்தது, பேசினின் அடியில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீருக்கடியில் கரையாத வெள்ளைக் கற்கள். சர்க்கரை என்று முதலில் நினைத்தாள். சர்க்கரை இவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

உப்புத் தண்ணீர் ஏன் இங்கே இருக்கிறது என்று நினைத்த மறுநொடி தெரிந்துவிட்டது, கடையில் வேறு யாரும் இல்லை, கடைக்காரி ப்ளாரன்ஸ் அக்கா சாமான் வாங்கிவிட்டு அப்படியே அம்மாவைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் போய்விட்டாள், ஆகவே இந்த உப்பைப் போட்டது இந்தக் கைதான். நறுக்கிய பீச் பழம் கறுத்துவிடும், அதற்கு எலுமிச்சைச் சாறு தடவவேண்டும், எலுமிச்சம்பழம் அதோ, வெட்டாமல் முழுதாக, பலகை மேலேயே இருக்கிறது. கை அதை எடுக்கவில்லை. கை பேசினை எடுத்திருக்கிறது, தண்ணீர் பிடித்திருக்கிறது, கல் உப்பை ஒரு பிடி அள்ளிப் போட்டிருக்கிறது, துண்டு துண்டாக நறுக்கி அதற்குள் தள்ளியிருக்கிறது, வாழைக்காய் மாதிரி, கத்தரிக்காய் மாதிரி. அப்போது அவள் எங்கே இருந்தாள்? அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சரி, ஊறியது ஊறிவிட்டது. வடித்தேன். வடிகட்டியில் போட்டது ஞாபகம் இருக்கிறது. அலசினேனா? வடித்துவிட்டுக் குழாயைத் திறந்து அலசினேனா, இல்லை அப்படியே சர்க்கரையைக் கொட்டிக் கலந்தேனா? குழாய்ச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. அது இந்தக் குழாய்ச் சத்தம்தானா, அதற்குமுன் கத்தி கழுவிய சத்தமா? குழாய்ச் சத்தத்துக்கு முகம் இல்லை, எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி. அலசியிருப்பேன். அலசாமல் எப்படி இருப்பேன்? ஆனால் அலசுகிற அறிவு இருந்திருந்தால் உப்பே போட்டிருக்க மாட்டேனே.

வத்தலக்குண்டு பொம்பளைப் பிள்ளைகள் ஹாஸ்டலில் அடுப்பங்கரைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் ஒரு நிலைப்படி உண்டு. அதில் உட்கார்ந்துதான் அவள் படித்தாள். அந்தப் பக்கம் காலை நீட்டினால், "உள்ள கால் வச்ச, கரண்டிக் காம்பாலேயே போடுவேன், புஸ்தகத்தப் பாரு" என்பாள் அம்மா. அம்மாவுக்கு அங்கே சமையல் வேலை; லூர்துமேரி என்றால் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பயம். வார்டன் சிஸ்டருக்கே கொஞ்சம் பயம். அண்டாவுக்குள் துடுப்பைப் போட்டுக் கிண்டும்போது அம்மாவின் முதுகு மட்டும் தெரியும், புகைக்குள் போய்ப் போய் வரும் முதுகு. வாழைக்காய் நாளில் அம்மா அரிவாள்மனை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து நறுக்குவாள். பார்க்காமலே நறுக்குவாள், பார்க்காமலே பக்கத்துப் பேசினில் தள்ளுவாள், துண்டுகள் உப்புத் தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மினுங்கும். எமில்டா புத்தகத்தைப் பார்க்கவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு ஒரு வெங்காயம்கூட உரிக்கச் சொல்லித் தந்ததில்லை. கல்லூரி முடிக்கிறவரை சோறு வடிக்கத் தெரியாது. "எம் மக கை அடுப்புல படக்கூடாது சிஸ்டர், அதுக்குத்தான் நான் இங்க வேகுறேன்" என்று அம்மா சொல்வதை நிலைப்படியில் இருந்து கேட்டிருக்கிறாள். பி.காம். ரிசல்ட் வந்த அன்று அம்மா பிள்ளைகளுக்கெல்லாம் கேசரி கிண்டினாள். நெய் ஊற்றிக்கொண்டே அழுதாள். புகைதான் என்றாள். கேசரிக்கு ஏது புகை.

பஸ் இப்போது டம்டம் பாறை பக்கம் போகும். அங்கே போனில் டவர் போய்விடும். அம்மா எலுமிச்சையை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருப்பாள். ஓவன் கண்ணாடியில் மேல்மாவின் ஓரம் லேசாகத் தூக்கியது, உள்ளே யாரோ மூச்சு விட்ட மாதிரி. கணக்கு எழுதத்தான் வந்தாள், அது பொய் இல்லை. ப்ளாரன்ஸ் அக்கா சேர்த்தது பில் போடவும் கணக்கு எழுதவும். பேக்கரி நடத்திக்கொண்டு சர்க்கரை வியாதியும் வைத்திருக்கிற ப்ளாரன்ஸ் அக்கா. "நான் செய்யிறத நானே தின்ன முடியாதுடி, இது என்ன வரம்னு பாரு" என்பாள். ஆனால் இந்தச் சின்னக் கடைக்குக் கணக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். டிசம்பரில் மாவு வேலை பார்த்த ஆள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார், கிறிஸ்துமஸ் நெருக்கம், அக்கா தனியாகத் திணறினாள், எமில்டா எழுந்து வந்து மாவில் கையை வைத்தாள். குளிர்ந்த வெண்ணெயும் மாவும் விரல் நுனியில் பொடிந்து பொடிந்து மணல் மாதிரி ஆனபோது என்னவோ ஆயிற்று. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. காதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, பரீட்சைக்கு முன்னால் வருமே, வங்கித் தேர்வு எழுதவேண்டும், கல்விக்கடன் இருக்கிறது, ஊர் பார்க்கிறது என்கிற அந்த இரைச்சல், மாவு பிசைந்துகொண்டிருந்தவரை நின்றிருந்தது. நின்றபிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிந்தது. அன்றிலிருந்து அவள் நாற்காலியில் உட்காரவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. "கணக்குப் பாக்குறா, மலையில" என்று அம்மா தெருவில் சொல்லிவிட்டாள், கோயிலில் சொல்லிவிட்டாள், ஹாஸ்டல் சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள். ஒவ்வொருவரிடமும் சொன்னபிறகு உண்மை இன்னும் கொஞ்சம் தூரம் போனது, வளைவில் தெரிந்து மறைகிற பஸ் மாதிரி.

"நான் பொய் சொல்லமாட்டேன் எமி" என்று நேற்று ப்ளாரன்ஸ் அக்கா சொன்னாள். "உங்கம்மா கேட்டாங்கன்னா சொல்லிருவேன். கேக்கலன்னா பன்னு விக்கிறேன்."

"நானே சொல்றேன்க்கா. பீச் பை செஞ்சு குடுத்துட்டு, தின்னுட்டு நல்லாருக்குன்னு சொன்னதும் சொல்றேன். இத நான்தான் செஞ்சேன்னு."

"நல்லா இல்லன்னு சொன்னா?"

அக்கா கேட்டபோது எமில்டா சிரித்தாள். இப்போது அந்தக் கேள்வி தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நல்லா இல்லை என்று சொன்னால் சொல்லமுடியாது. உப்புக் கரிக்கிற ஒன்றைக் காட்டி, இதற்காகத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன், இதற்காகத்தான் நீ வெந்தாய் என்று எப்படிச் சொல்வது? பிறகு அந்த நாற்காலியில்தான் உட்காரவேண்டும். அம்மா ஊருக்குப் போகும்வரை, அப்புறம் அடுத்த தடவை அம்மா வரும்போது, அப்புறம் எப்போதும். அப்படி உட்கார்ந்தே பழகிவிடும். அல்லது அம்மாவே கண்டுபிடித்துவிடுவாள், கண்டுபிடித்தால் பையைக் கட்டு என்பாள், நிச்சயம் சொல்வாள், அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவாள், இறங்கும்போது ஜன்னலோரம் எமில்டாவுக்கு. அலசியிருந்தால் ஒன்றுமில்லை. அலசினேனா? வேறொன்று செய்யலாமா? பழம் இல்லை. இருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. சேவுகன் இனி சனிக்கிழமைதான் வருவான், அதுவும் குரங்கு மனது வைத்தால். பன் கொடுக்கலாம். மலைக்கு வந்த அம்மாவுக்கு வத்தலக்குண்டிலும் கிடைக்கிற பன்.

கீறல்கள் வழியே சாறு கொதித்து எழும்பத் தொடங்கியது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். ஒரு குமிழி வந்து நின்று, யோசித்து, உடைந்தது. இன்னொன்று. வெண்ணெய் வாசனைக்குப் பின்னால் பழத்தின் வாசனை மெதுவாக வந்தது, பூவும் இல்லை தேனும் இல்லை, வெயிலில் காய்ந்த தலையணையில் முகம் வைத்தால் வருமே, அதற்குக் கிட்டத்தில் ஏதோ ஒன்று. மூட்டம் கதவிடுக்கு வழியாகக் கடைக்குள்ளும் வந்துவிட்டது போல இருந்தது. எமில்டா ஓவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சூடு கன்னத்தில் பட்டது. ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போனபோது மணிக்கட்டுக்கு மேலே ஓவன் தட்டு பட்டுச் சுட்ட தழும்பு இருந்தது, கோடு மாதிரி, பழுப்பாக. அம்மா அதைப் பார்த்தாள். "என்னது?" "இஸ்திரிப் பெட்டிம்மா." அம்மா தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு அந்தக் கோட்டின் மேல் ஒரே இழுப்பாக இழுத்து ஊதினாள். அம்மாவின் கையில் அந்த மாதிரிக் கோடுகள் எத்தனையோ, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, ஏணி மாதிரி. ஒரு நிமிடம் இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்போது எமில்டா கையை இழுத்துக்கொண்டாள். ஏன் இழுத்துக்கொண்டேன் என்று இப்போது நினைத்தாள், நினைவு வழுக்கியது, கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் கீறல்களாக இருந்தன, ஒவ்வொரு கீறலிலும் ஒரு முகம் கொதித்தது, அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள், உள்ள கால் வைக்காத என்று எமில்டாதான் சொன்னாள், கரண்டிக் காம்பு அவள் கையில் இருந்தது. போன் அடித்தது.

"பெருமாள்மலை வந்துட்டேன். அவ எந்திரிச்சு எடம் குடுத்துட்டா எமிலு! ஊத்து ஸ்டாப்புலயே எந்திரிச்சுட்டா. நான் வாந்தியே எடுக்கல. வீணாப் பயந்துட்டாப் பாவம்."

"ப்ளாரன்ஸ் அக்கா நிப்பாங்கம்மா, பஸ் ஸ்டாண்டுல. சிவப்பு ஸ்வெட்டர்."

"ஒங் கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. பனி."

"ம். கை பத்திரம்."

ருசி பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இது ஏன் முன்பே தோன்றவில்லை? கதவைத் திறந்தாள், சூடு முகத்தில் அடித்தது, கரண்டி நுனியால் கீறலில் வழிந்த சாற்றைத் தொட்டு, ஊதவேண்டும் என்ற அறிவு வருவதற்குள் வாயில் வைத்தாள். கொதிக்கும் சர்க்கரைப் பாகு நாக்கில் ஒட்டிக்கொண்டது. குழாயைத் திறந்து வாயை நீட்டி நின்றாள். கண்ணில் தண்ணீர். நாக்கு நுனி மரத்துப்போய், சொரசொரவென்று, வேறு யாருடைய நாக்கோ மாதிரி இருந்தது. உப்பா இனிப்பா, ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரையை எடுத்து வாயில் போட்டாள். மணல். உப்பை எடுத்துப் போட்டாள். அதுவும் மணல். சிரிப்பு வந்தது. குழாய்த் தண்ணீர் பேசினில் விழுந்து, கற்கள் சுழன்று கரைந்து, தண்ணீர் தெளிவாக, எதுவுமே நடக்காதது போல ஆனது. இந்தச் சத்தம்தான். அலசினேனா?

மேல்மாவு பொன்னிறத்தைத் தாண்டும்போது வெளியே எடுத்தாள். ஒரு ஓரம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது, தரையில் உட்கார்ந்து கனவு கண்ட ஓரம். ஏப்ரனைக் கழற்றி மாவு மூட்டைக்குப் பின்னால் திணித்தாள். ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டாள். நாற்காலியில் போய் உட்கார்ந்து பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. ஆடும் என்பதே மறந்துபோயிருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மூட்டத்திலிருந்து முதலில் சிவப்பு ஸ்வெட்டர் வந்தது, அதற்குப் பின்னால் அம்மா, தலையில் துண்டு சுற்றி, ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் கசங்கிய எலுமிச்சம்பழம்.

"பின்னாடி உக்காந்துக்கிட்டு மாதாவே மாதாவேன்னு என் காதுக்குள்ளயே செபம்" என்றாள் ப்ளாரன்ஸ் அக்கா. "மாதா வந்து பிரேக் போட்டிருப்பாங்க, நான் போட வேண்டியதே இல்ல."

"நீ ஓட்டுனதுக்கு மாதா இல்லாம வந்துசேந்திருக்க முடியாது தாயி" என்றாள் அம்மா. கடையைச் சுற்றிப் பார்த்தாள். எமில்டாவைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கிட்ட வந்து அதன் முதுகில் கையை வைத்து ஆட்டிப் பார்த்தாள். "ஆடுது" என்றாள்.

ப்ளாரன்ஸ் அக்கா ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து, பக்கத்தில் ஸ்பூனும் வைத்தாள். எமில்டா பில் புத்தகத்தில் எதையோ எழுதினாள், என்ன எழுதினாள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மா ஸ்பூனை ஓரமாக ஒதுக்கிவைத்தாள். துண்டைக் கையில் எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தாள், தோசை வெந்திருக்கிறதா என்று பார்ப்பது போல.

"இது என்னா, போளியா கேக்கா?"

"பீச் பைம்மா" என்றாள் ப்ளாரன்ஸ் அக்கா. "இங்கத்திப் பழம்."

அம்மா கடித்தாள். மென்றாள். வெளியே யாரோ ஒரு ஜீப்புக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள், இடது, இடது, இன்னும் இடது. அம்மா மென்றுகொண்டே இருந்தாள். எமில்டாவின் நாக்கு வாய்க்குள் கனத்துக் கிடந்தது. சொல்ல நினைத்த வாக்கியம், நேற்றிலிருந்து உருப்போட்டது, அந்த மரத்த நாக்கின் மேல் ஏறமுடியாமல் நின்றது. அம்மா விழுங்கிவிட்டுத் திரும்பினாள், ப்ளாரன்ஸ் அக்கா பக்கம் இல்லை, நாற்காலிப் பக்கம்.

"ஏ எமிலு. பழத்த நறுக்கி உப்புத் தண்ணியிலயா போட்ட?"

ப்ளாரன்ஸ் அக்கா துணியால் துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"ஆமாம்மா."

"ம்." அம்மா இன்னொரு கடி கடித்தாள். அதையும் நிதானமாக மென்றாள். "யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லிக்குடுக்கலம்மா. நிலைப்படியில இருந்து பாத்தேன்."

அம்மா தலையை ஆட்டினாள். துண்டு முழுவதையும் தின்று முடித்தாள், தட்டில் விழுந்த பொடியை விரலில் ஒற்றி எடுத்தாள். அம்மா அழப்போகிறாள், இல்லை எழுந்து பையைக் கட்டு என்று சொல்லப்போகிறாள் என்று எமில்டா இரண்டுக்கும் தயாராக இருந்தாள். அம்மா சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஓரம் தீஞ்சுபோச்சு பாரு" என்றாள். "அடுத்த தடவ முன்னாடியே எடுத்துரு. மிச்சத்தக் கட்டிக் குடு, ஊருக்குக் கொண்டுபோறேன். இத யார் செஞ்சான்னு கேப்பாளுங்க. சொல்லணும்ல." பிறகு எமில்டாவின் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளி, அந்தப் பழைய கோட்டைக் கட்டைவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு, ஆறிவிட்டது என்பதுபோல விட்டுவிட்டாள்.

இவ்வளவுதான் எமில்டா சொன்னது. நாக்கு வெந்திருந்ததால் அன்று அவள் அதைச் சாப்பிடவில்லை. அக்கா இனிப்பு தொடமாட்டாள். மிச்சம் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டது. அம்மாவின் நாக்கு மட்டும்தான் அதை அறிந்தது. அலசவில்லை போலிருக்கிறது, அலசாததும் நல்லதற்குத்தான் என்று எமில்டா சொல்லுவாள்.

எனக்கு எதையும் சரிபார்க்காமல் விட வராது. இந்த மே மாதம் சேவுகனிடம் பழம் வாங்கி, எமில்டாவையே அதே பேசினில் அதேபோல ஒரு பிடி கல் உப்பு போடச் சொல்லி, ஊறவைத்து, வேண்டுமென்றே அலசாமல் வடித்து, பீச் பை செய்யவைத்தேன். ஆறவிட்டுச் சாப்பிட்டோம். ப்ளாரன்ஸ் அக்காகூட மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றாள். எமில்டா இரண்டாவது துண்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் மென்றாள். இனிப்புதான் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. உப்பு தெரியவில்லை, யாருக்கும்; அம்மா அன்று கேட்டது நாக்கை வைத்து இல்லை, ஈஸ்டரிலேயே பார்த்துவிட்ட அந்தக் கையை வைத்துத்தான் போலிருக்கிறது.